பையில் ஓர் இசிஜி

நாகூர் தர்காவுக்கு மனநோயாளியை அழைத்து வரும் குடும்பங்கள் எல்லாம் அன்றே ஊர் திரும்புவதில்லை. நாள்கணக்கில் தங்கிவிடுபவர்களும் உண்டு. அப்படித் தங்கும் ஒரு தாயின் மஞ்சள் பையை மேசையில் கொட்டச் சொன்னால் என்ன விழும் என்று நம்மில் பலருக்கும் தெரியும். சொந்த ஊர் டாக்டர் எழுதிய ஹாலோபெரிடால், பாதி தீர்ந்த அட்டை. இருமலுக்கு வேறொருவர் கொடுத்த அசித்ரோமைசின். வாந்திக்கு மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்த ஆன்டன்செட்ரான். மூன்றுமே கியூடி இடைவெளியை நீட்டுபவை. வாந்தியிலும் பேதியிலும் பொட்டாசியம் குறைந்திருக்கும். இந்த நிலையில்தான், மகன் கத்துகிறான் என்று நாம் ஊசியை எடுக்கிறோம்.

அந்த ஊசி பெரும்பாலும் ஹாலோபெரிடாலும் பிரோமெத்தசினும்தான். அதற்குச் சான்று தந்ததில் நம் வேலூர் சி.எம்.சி.க்குப் பெரிய பங்குண்டு. அங்கே 200 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், லோரசெபாமைவிட இந்தச் சேர்க்கை விரைவாகத் தூங்க வைத்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015 வழிகாட்டியில் இதை ஏற்றுக்கொண்டு, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: இசிஜி எடுக்கப்படவில்லை என்றால் இது வேண்டாம், லோரசெபாம் போடுங்கள். வேலூர் ஊசியை நாம் பிடித்துக்கொண்டோம், நிபந்தனையை விட்டுவிட்டோம். கத்துகிறவருக்கு எப்படி இசிஜி எடுப்பது என்று கேட்பீர்கள். நியாயம்தான். லோரசெபாமில் அடங்கிய பிறகு எடுக்கலாமே. ஒரத்தூரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இசிஜிக்குப் பஞ்சமான மாவட்டம் அல்ல நாகை.

எடுத்தால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். நாடித்துடிப்பு 100, கியூடி 360 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். பேசெட் சூத்திரத்தில் கியூடிசி 465. ஃப்ரிடெரிசியா சூத்திரத்தில் 427. பதற்றத்தில் துடிக்கும் இதயத்தை பேசெட் மிகைப்படுத்திக் காட்டும். இயந்திரம் அச்சடித்த எண்ணைப் பார்த்து மிரண்டு, நன்றாக வேலை செய்யும் மருந்தை நிறுத்துவதும் பிழையே. சிகிச்சை இல்லாத மனச்சிதைவும் ஆயுளைக் குறைக்கும். ஆனால் 500-ஐத் தாண்டினால் யோசிக்க ஒன்றுமில்லை. மருந்தை நிறுத்துங்கள், பொட்டாசியமும் மக்னீசியமும் பாருங்கள், இதய மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாதுவான மருந்தென்று பெயரெடுத்திருந்த தயோரிடசினை 2005-ல் நோவார்ட்டிஸ் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதற்கும் இந்தக் கியூடிதான் காரணம்.

பழைய அளவைவிட 60 மில்லிசெகண்ட் கூடினாலும் ஆபத்து என்கிறோம். அந்தப் பழைய அளவு எங்கே இருக்கிறது? நம் கோப்பில். நோயாளியோ அடுத்த வாரம் ஏர்வாடியிலோ குணசீலத்திலோ இருப்பார். எனவே இசிஜி தாளை ஒரு நகலெடுத்து, தேதியும் மருந்தின் அளவும் எழுதி, அந்த மஞ்சள் பையிலேயே வைத்து அனுப்புங்கள். வெப்பத்தாளாக இருந்தால் நகல் கட்டாயம். நாளடைவில் எழுத்து மங்கிவிடும்.