நடக்க வைக்கும் ரோபோ யாருக்கு?

மலக்குழிக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் ‘பாண்டிகூட்’ ரோபோவை நம்மில் பலருக்குத் தெரியும். 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. அதைச் செய்த ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் கையிலிருந்துதான் ‘ஜி-கெய்ட்டர்’ என்ற நடைப்பயிற்சி ரோபோவும் வந்திருக்கிறது. தண்டுவடத்தில் அடிபட்டோ பக்கவாதம் தாக்கியோ கால் செயலிழந்தவர்களுக்கானது. உடலைக் கச்சையில் பிடித்து எடையைத் தாங்கிக்கொண்டு, இடுப்பையும் முழங்காலையும் நடக்கிற மாதிரியே திரும்பத் திரும்ப அசைக்கும். இதையே கையால் செய்தால் இரண்டு மூன்று பிசியோதெரபிஸ்ட்டுகள் காலைத் தூக்கித் தூக்கி வைத்துச் சீக்கிரமே களைத்துவிடுவார்கள்.

“சோற்றுக்கே வழியில்லாதவனுக்கு ரோபோ எதற்கு?” என்று தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். நாம் இதை ஏற்க முடியாது. இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று உயரத்திலிருந்து விழுவது. கட்டடச் சாரத்தில் கூலிக்கு ஏறுவது யார், கிணற்றில் தூர்வார இறங்குவது யார் என்று நம் தெருவில் கேட்டாலே பதில் கிடைக்கும். நல்ல சிகிச்சை என்றதும் “அது நமக்கில்லை” என்று நாமே ஒதுங்குவது, ஊர் நமக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

அதற்காக விளம்பரத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். நரம்புத் தொடர்பு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் பகுதிக் காயத்தில்தான் இந்தப் பயிற்சியால் நடை திரும்பும் வாய்ப்பு அதிகம். முழுமையான காயத்தில் இயந்திரம் காலை அசைக்கும். இறக்கிவிட்டதும் கால் தானாக நடக்காது. ரோபோப் பயிற்சி மற்ற நடைப்பயிற்சிகளைவிட மேலானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே 2012-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் முடிவுசெய்தது. ஆகவே அடிபட்டவரின் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போகும் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது, “முழுமையான காயமா, பகுதிக் காயமா?” என்பதை. பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். கடன் வாங்கி எங்கோ ஓடுவதற்கு முன் அந்த ஒரு வரி வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் பலரை இழக்கிறோம். படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, அதிலிருந்து சிறுநீரகக் கோளாறு. இவற்றைத் தடுக்க ரோபோ தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள், சுத்தமான கத்தீட்டர், நல்ல மெத்தை போதும். ஆனால் புரட்டிப்போட வேண்டிய மனைவி வேலைக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பெரியாது. சக்கர நாற்காலி கிடைத்தாலும் வாசற்படியைத் தாண்டிச் சாக்கடையை ஒட்டிய சந்தில் அது திரும்பாது.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் என்ற 2023 அக்டோபர் உச்சநீதிமன்றத் தீர்ப்பு எல்லோருக்கும் மனப்பாடம். பிழைப்பே இல்லாமல் போகும் அளவுக்கு நிரந்தர ஊனமடைந்தவருக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. செத்தவரைச் செய்தி எண்ணுகிறது. முதுகு உடைந்து வீட்டில் கிடப்பவரை யாரும் எண்ணுவதில்லை. கட்டடத்திலிருந்து விழுந்தவர்களுக்கு, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது.

ஆகவே நமது கோரிக்கை மனுவில் இவை எல்லாமே வேண்டும். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடைப்பயிற்சி இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த நிரந்தரப் பணியாளரும், பயிற்சி நடக்கும் வாரங்களில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் தங்குமிடம், இழந்த கூலி, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பிசியோதெரபிஸ்ட் நம் தெருவுக்குள்ளும் தவறாமல் வருவது, மாதாமாதம் கத்தீட்டர். இயந்திரத்தை மட்டும் வாங்கி ரிப்பன் வெட்டினால், அது போர்வை போர்த்திய நிலையில் ஓர் அறையில் நிற்கும்.