இடிக்கச் சொல்ல முதல் ஒரு கணக்கு



2025 செப்டெம்பர் மழையில் நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தொல்லியல் திணைக்களம் பாதுகாக்கவேண்டிய சின்னம் அது, நிலமோ தனியாருடையது. பெருமைக்கு எல்லோரும் சொந்தக்காரர், செலவுக்கு ஒருவரும் இல்லை.

இப்படி ஒன்று விழுந்தால் இரண்டு பேச்சு வரும். ஆபத்து, இடியுங்கள் என்பார் சிலர். பழமை, தொடாதீர்கள் என்பார் வேறு சிலர். பிள்ளைகளை அந்த வழியால் கூட்டிப்போகும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இரண்டுமே போதாது. பிள்ளையின் உயிரைவிடப் பெரிய மரபு இல்லை. ஆனால் வேலி அடைக்க ஒருநாள் போதும்; இடித்ததைத் திரும்பப் பெறமுடியாது.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பிறகு சோனகதெருவுக்குத் திரும்பிய எங்கள் சனத்துக்கு இது தெரியும். ஆளில்லாத வீடுகளை ஷெல் மட்டும் இடிக்கவில்லை. ஓடு விலகிய இடத்தால் இறங்கிய மழையும், சுவரில் முளைத்த ஆலங்கன்றும் இடித்தன. சுண்ணாம்புச் சுவருக்குமேல் சீமெந்து பூசினாலும் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை உக்கவைக்கும்.

உரும்பிராயிலும் உரிமையாளர் வெளிநாட்டில், பூட்டிய நாற்சார் வீடு இங்கே என்ற நிலை உண்டு. மாரிக்கு முதல் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை அவற்றைப் பட்டியலிடட்டும். ஆபத்தானதை உடனே அடைக்கட்டும். இடிக்கச் சொல்லும் கடிதத்தோடு, திருத்த எவ்வளவு முடியும் என்ற பொறியியலாளரின் கணக்கும் போகட்டும். அந்தக் கணக்கைப் பார்த்தபிறகு, புலம்பெயர்ந்த உறவுகளும் நாமும் சேர்ந்து முடிவெடுப்போம்.