தூக்குமேடைக்கு லாயர் உண்டு, ஒட்டுப்பாலுக்கு?

காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஓர் ஆள் குறைந்தால் தண்டல் உடனே கேட்கிறார். கிராணி செக்ரோலில் கோடு போடுகிறார். ஆனால் அந்த ஆள் போலீஸ் லாக்கப்பில் கிடந்தால், அவனுக்காகப் பேச யார் போனார்கள் என்று கேட்க நாதியில்லை. பல தடவை யாருமே போவதில்லை என்பதுதான் உண்மை.

சுங்கைப் பட்டாணிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பேரும் ஆளின் பேரும் இப்போது வேண்டாம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு சாக்கு ஒட்டுப்பால் கிடந்தது. யார் வைத்தது என்று பார்த்தவர் இல்லை. அந்த வழியாகக் கடைசியாகக் காண்டா வாளியோடு போன பால்வெட்டுத் தொழிலாளியைக் காவலாளி கைகாட்டினார். போலீஸ் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பது நமக்குத் தெரியும். வியாழன் மாலையில் பிடிபட்டவனுக்கு லாயர் தேடுவது எவ்வளவு லேசு என்பதைப் பட்டவரைக் கேளுங்கள்!

இரவு எட்டு மணிக்கு அவருடைய மனைவி கைக்குழந்தையோடு நம் கிளைச் செயலாளர் வீட்டு வாசலில் நின்றார். "அண்ணே, அவரைக் கொண்டுபோயிட்டாங்க. எந்த ஸ்டேஷன்னுகூடச் சொல்லல" என்றார். செயலாளர் மூன்று ஸ்டேஷனுக்குப் போன் அடித்து ஆளைக் கண்டுபிடித்தார். இலவசச் சட்ட உதவி லாயர் ஒருவர் மறுநாள் காலை வந்தார். அதற்குள் அவர் வேறு நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நடைவழியில் நின்றபடி ஐந்து நிமிஷம் பேச்சு, பக்கத்தில் போலீஸ்காரர். மாஜிஸ்திரேட் முன்னால் போலீஸ் நாலு நாள் கேட்டது, நாலு நாளும் கிடைத்தது. பிறகு மூன்று நாள். ஆக ஏழு நாள். கடைசியில் வழக்கே போடாமல் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவருடைய நிரையில் வேறு ஆள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? மலேசிய அரசியலமைப்பின் 5 ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது: பிடிபட்டவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும்; தான் விரும்பும் வழக்கறிஞரோடு கலந்து பேச விட வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117 ஆம் பிரிவு, 14 வருஷத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமானால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் என்று எல்லை கட்டுகிறது. ஏழு நாள் என்பது எல்லை, கூலிக் கணக்கு அல்ல! எல்லை வரைக்கும் போய்த்தான் தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. "ஏன் நாலு நாள்? ஒரு நாள் போதாதா? இதுவரை என்ன விசாரித்தீர்கள்?" என்று கேட்க அங்கே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் லாயர்.

முதல் இரவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துவைக்கப்பட்ட ஏ. குகன் என்ற இளைஞர் 2009 ஜனவரியில் சிலாங்கூரில் போலீஸ் காவலிலேயே இறந்தார். 2013 இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு எட்டு லட்சம் வெள்ளி போல நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. பணம் கொடுக்கச் சொல்லலாம், பிள்ளையைக் கொடுக்க முடியுமா?

இனி அந்த இலவச லாயரின் பாட்டைப் பாருங்கள். சர்க்கார் தரப்பில் போலீஸ் இருக்கிறது, பைல் இருக்கிறது, கெமிஸ்ட் இருக்கிறார், மாதச் சம்பளம் வாங்கும் பிராசிகியூட்டர் இருக்கிறார். நம் ஆளின் தரப்பில் நிற்பவர் காலையில் ஸ்டேஷன், பத்து மணிக்குக் கோர்ட்டு, பிறகு கூலிம் அல்லது அலோர் ஸ்டார் என்று தன் சொந்தக் காரில் ஓடுகிறவர். பைலில் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் அவருக்குக் காட்ட மாட்டார்கள். கட்சிக்காரன் பயந்துபோய்ப் பாதியை மறைப்பான். சாட்சி சொல்ல வேண்டியவர் மேனேஜருக்குப் பயந்து வரமாட்டார். ஜாமீன் கிடைத்தால் ஜாமீன் நிற்க ஆள் இருக்காது. இதற்கெல்லாம் அவருக்குக் கிடைக்கும் படி சொற்பம். அதுவும் தாமதமாகத்தான் வருகிறது என்பது அவர்கள் பலமுறை சொல்லிவரும் குறை.

இவ்வளவுக்கும் மேலே நம்மவர்களின் வாய்! "ஓசி லாயர் என்ன பேசுவான்?" என்று கேட்டுவிட்டு, காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் புரோக்கரிடம் மனைவியின் தாலியை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். புரோக்கர் கோர்ட்டுக்குள் வாயைத் திறக்க முடியாது என்பது பணம் போன பிறகுதான் தெரிகிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நம் கோபம் போக வேண்டிய இடம் வேறு. சர்க்காரின் சட்ட உதவிப் பிரிவு 1970 இல் வந்தது. கிரிமினல் வழக்கில் அதற்கு விட்டுவைத்த வேலை பெரும்பாலும் என்ன? குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்காகத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது! ஒப்புக்கொண்டால் உதவி, மறுத்தால் உன் பாடு. இந்த ஓட்டையை அடைக்க வழக்கறிஞர் மன்றம் தன் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் வருஷத்துக்கு 100 வெள்ளி வசூலித்துத் தன் சட்ட உதவி மையங்களை நடத்தியது. 2011 இல்தான் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் அமைந்தது; 2012 இல் வேலை தொடங்கியது. கைது, ரிமாண்டு, ஜாமீன், விசாரணை எல்லாவற்றுக்கும் இலவச லாயர் என்றார்கள். நல்லது, வரவேற்கிறோம். பல ஆயிரம் பேர் அதனால் நன்மை அடைந்திருக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அது குடிமக்களுக்கு என்றார்கள்.

இங்கேதான் நெஞ்சு எரிகிறது. இந்த மண்ணிலேயே பிறந்து, பால்மரத்தடியில் முதுகு வளைந்து, இன்னும் கையில் சிவப்பு அடையாளக் கார்டோடு நிற்கும் நம் பெரியவர்கள் யார்? பிறப்புப் பத்திரம் பதியாமல் விட்ட பிள்ளைகள் யார்? பக்கத்து நிரையில் மரம் வெட்டும் இந்தோனேசியத் தோழன் யார்? அவன் வெட்டிய பால் சர்க்காருக்கு வரி கட்டவில்லையா? லாக்கப்பின் கம்பி நீலக் கார்டு, சிவப்புக் கார்டு பார்த்தா பூட்டுகிறது?

இன்னொரு வேடிக்கை. தூக்குத் தண்டனைக்குரிய வழக்கானால் உயர்நீதிமன்றமே லாயர் நியமிக்கிறது. அது நியாயம். கட்டாயத் தூக்கை 2023 இல் நீக்கியதும் நியாயம். ஆனால் உயிர் போகும் என்றால் லாயர், ஏழு வருஷம் போகும் என்றால் அதிர்ஷ்டம் என்பது எந்த ஊர்க் கணக்கு? தண்டனைச் சட்டத்தின் 381 ஆம் பிரிவு எதைப் பற்றியது தெரியுமா, கிராணித் தோழர்களே? குமாஸ்தாவோ வேலைக்காரனோ எஜமானின் பொருளைத் திருடுவதைப் பற்றியது. ஸ்டோர்க் கணக்கில் ஒரு டிரம் குறைந்தால் கதவு தட்டப்படப் போவது பால்வெட்டுகாரன் லயத்தில் மட்டுமல்ல.

கெடா தொழிலாளிக்கு இது புதிய பாடமும் அல்ல. 1947 இல் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்தபோது, நம் பாட்டன்மார் கூட்டமாகப் பிடிபட்டுக் கோர்ட்டில் நின்றார்கள். சட்டம் தெரிந்த துரைமார் ஒரு பக்கம், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஒரு பக்கம்.

அமெரிக்காவில் 1963 இலேயே, வசதியில்லாதவனுக்குக் கடுங்குற்ற வழக்கில் லாயர் கொடுப்பது அரசின் கடமை என்று உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது. கடலுக்கு அப்பால் போவானேன்? ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 2022 டிசம்பரில் சர்க்கார் சம்பளத்தில் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார்கள். அங்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், ஆனாலும் அங்கே நிரந்தரவாசி உள்ளே, இங்கே சிவப்புக் கார்டு வெளியே!

ஆகவே கேட்கிறோம்: பிராசிகியூட்டருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் கஜானா, தற்காப்பு லாயருக்கும் கொடுக்கட்டும். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தமிழும் மலாயும் பேசும் ஆள் நாள்தோறும் லாக்கப்புக்குப் போகட்டும், விடுமுறை நாளிலும். சிவப்புக் கார்டு என்று விரட்டாதிருக்கட்டும்.

அதுவரை கிளைச் செயலாளர்கள் செய்ய வேண்டியது: ஆளைப் பிடித்த மணியை எழுதிக்கொள்ளுங்கள். 24 மணிக் கணக்கு அதிலிருந்துதான். எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி என்று கேட்டு எழுதுங்கள். சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு நகல், ஜாமீனுக்கு நிற்கக்கூடிய ஒருவர் பேர் ஆகியவற்றை லாயர் வருமுன் தயாராக வையுங்கள். நாம் சொன்ன அந்தத் தோட்டத்தில் சட்ட உதவி மையத்தின் போன் நம்பரைச் செயலாளர் ஸ்டோர்ச் சுவரில் ஒட்டினார். மறுநாளே யாரோ கிழித்துவிட்டார்கள். இப்போது கோவில் மண்டபத் தூணில் ஒட்டியிருக்கிறது.