வாழை சாய்ந்த பிறகு வரும் பணம்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனையைத் தொட்டும் தொடாமலும் கடந்து சென்றது. கடலுக்குள் போன மீனவர்களின் மரணம் நாட்டையே உலுக்கியது; உலுக்கியிருக்கவும் வேண்டும். ஆனால் அதே காற்றில் நெய்யாற்றின்கரை வட்டத்திலும், எல்லைக்கு இப்பால் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிலும் சாய்ந்த வாழையும் முறிந்த ரப்பரும் சில வாரங்களில் மறக்கப்பட்டன. இந்த எல்லையின் விளிம்பில் இருக்கும் ஊராட்சி காரோடு. 1956 நவம்பர் 1 அன்று போடப்பட்ட கோடு நிர்வாகத்தைப் பிரித்தது. மண்ணையும் பயிரையும் காற்றையும் பிரிக்கவில்லை.

ஒக்கி போன்ற புயல் அபூர்வம். காரோட்டு விவசாயியை ஆண்டுதோறும் அச்சுறுத்துவது கோடைமழையோடு வரும் சுழற்காற்று. ஓணச் சந்தையை எண்ணி ஐப்பசி, கார்த்திகையில் நட்ட ஏத்தன் வாழை குலை தள்ளும் பருவமும் இந்தக் காற்றின் பருவமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. உரம், கூலி, பாட்டத் தொகை என எல்லாச் செலவும் மண்ணுக்குள் போய்விட்ட பிறகு, தலையில் பாரம் ஏறி நிற்கும் வாழை பத்து நிமிடக் காற்றில் தரையில் கிடக்கும்.

அதன் பிறகுதான் அரசு வருகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022–26 காலத்துக்கு வகுத்த விதிகளின்படி, குறைந்தது 33 சதவீதப் பயிர் அழிந்திருந்தால்தான் இடுபொருள் மானியம். அதுவும் 2 ஹெக்டேர் வரை மட்டும். பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் 2,500 வாழை நிற்கும். கூடுதல் தொகையையே கொடுத்தாலும் ஒரு வாழைக்கு 9 ரூபாய். இதை நிவாரணம் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். கேரள அரசு 1995 முதல் நடத்தும் பயிர்க் காப்பீடு இதைவிட எவ்வளவோ மேல். வாழை ஒன்றுக்குச் சில ரூபாய் சந்தா, வாழைக் கணக்கிலேயே இழப்பீடு. ஆயினும் இழப்பீடு நிலுவையில் கிடக்கிறது என்ற புகார் ஓய்வதில்லை. மேலும், காப்பீடும் வாழை விழுந்த பிறகு வரும் பணமே.

விழாமல் காக்கப் பணம் இல்லையா? சட்டத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரண நிதியோடு பேரிடர் தணிப்பு நிதியையும் கட்டளையிட்டது. ஒன்றிய அரசு அதை அமைக்கவில்லை. வறட்சி தொடர்பான ஸ்வராஜ் அபியான் வழக்கில், மூன்று மாதங்களுக்குள் தேசியத் தணிப்பு நிதியை அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் உத்தரவிட்டது. நிதி அமைந்ததோ 2021 பிப்ரவரியில். பதினைந்தாவது நிதிக் குழு 2021–26 காலத்தில் மாநிலங்களின் பேரிடர் நிதிக்கென வகுத்த 1,60,153 கோடி ரூபாயில் 20 சதவீதம், அதாவது 32,000 கோடிக்கு மேல், தணிப்புக்கே உரியது. இந்தப் பணத்தில் ஒரு ஊன்றுகம்பாவது வாழைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததா என்று எந்தக் கிருஷி பவனிலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஊன்றுகம்பு என்பது சின்ன விஷயமல்ல. குலை தள்ளிய வாழைக்கு மூங்கிலோ சவுக்கோ முட்டுக் கொடுப்பது, வரிசைகளைக் கயிற்றால் இணைத்துக் கட்டுவது, காற்றின் திசையில் மரவேலி வளர்ப்பது, வேர் அழுகி மரம் தளராதபடி வடிகால் வெட்டுவது என எல்லாமே விவசாயிக்குத் தெரிந்தவை. தெரியாமலல்ல, முதலில்லாமல்தான் விட்டுவிடுகிறார். தென்னை, பலா, கமுகு, மரச்சீனி, நல்லமிளகு எனக் கலந்து நின்ற பழைய புரையிடத் தோட்டம் தன்னைத் தானே காத்துக்கொண்டது. நெல் போய் வாழை வந்த ஏலாவில் மறைப்பு ஏதுமில்லை. கியூபாவில் 2008ஆம் ஆண்டின் ஐக் சூறாவளிக்குப் பிறகு நடந்த ஆய்வில், ஒற்றைப் பயிர்ப் பண்ணைகள் 90 முதல் 100 சதவீதம் வரை இழந்த இடத்தில், பல அடுக்குக் கலப்புப் பண்ணைகளின் இழப்பு சுமார் பாதியாக இருந்தது.

வடிகாலுக்கும் வேலிக்கும் ஊரக வேலைத் திட்டத்தின் கைகள் உதவலாம். பழைய வேலை உறுதிச் சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் ஒன்றிய அரசின் பொறுப்பு. 2025 டிசம்பரில் அதன் இடத்துக்கு வந்த சட்டத்தில் தீவிர வானிலையைச் சமாளிக்கும் பணிகள் என்று தனித் தலைப்பே உண்டு. கூடவே 40 சதவீதச் செலவு கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில்.

பணம் வந்தாலும் யார் கைக்குப் போகும் என்பதே கடினமான கேள்வி. தென் கேரளத்தில் வாழை பயிரிடுவோரில் பெரும் பகுதியினர் பாட்டத்துக்கு நிலம் எடுத்தவர்கள். குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் அவர்களில் அடக்கம். 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 74ஆம் பிரிவில், புதிய குத்தகையைத் தடை செய்தது. ஜன்மிகளின் ஆதிக்கத்தை முறித்த அந்தச் சட்டம் மக்கள் போராட்டத்தின் வெற்றி; அதில் கை வைக்க நிலமுதலைகள் காத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் இன்று பாட்ட விவசாயம் வாய்ச்சொல்லில் நடக்கிறது. கையில் தாள் இல்லை. 2019இல் தொடங்கிய பிஎம் கிசான் 6,000 ரூபாய் நிலவுடைமையாளருக்கே போகிறது. வரி ரசீது கேட்கும் ஒவ்வொரு மானியமும் அப்படியே, வியர்வை சிந்தாதவரின் கணக்கில் ஏறும்.

உடைமை உரிமையைத் தொடாமல் பயிரிடுபவரை அங்கீகரிக்க வழியுண்டு. ஆந்திரம் 2011இல் உரிமம் பெற்ற பயிரிடுவோர் சட்டத்தையும், 2019இல் 11 மாதப் பயிர் ஒப்பந்தத்துக்கான சட்டத்தையும் கொண்டுவந்தது. இரண்டிலும் நில உரிமையாளர்களின் தயக்கம் பெரும் தடையாக நின்றது. கையெழுத்துப் போட அவர்கள் அஞ்சுகிறார்கள். எனவே உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்காமல், ஊராட்சியும் கிருஷி பவனும் வயலை நேரில் பார்த்து, யார் பயிரிடுகிறார் என்று சான்று தரவேண்டும். வாழை விழுந்த பிறகு வயலுக்கு வந்து சாய்ந்தவற்றை எண்ணும் அதே அலுவலர் அதை மாசி மாதத்திலேயே செய்யலாம். எண்ணிக்கை கிடைத்ததும் ஊன்றுகம்புக்கும் கயிற்றுக்குமான தொகையைத் தணிப்பு நிதியிலிருந்து, சித்திரைக் காற்றுக்கு முன்பாக, பயிரிடுபவரின் கணக்கில் செலுத்த வேண்டும்.