மூங்கில் கழியும் வாளும்

கொடைக்கானல் ஏரிக்கரை டீக்கடையில் ஒரு பையன் கைப்பேசியில் வாள்வீச்சுக் காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், வாளின் கைப்பிடிக்குள் கள்ள விசை பொருத்தி, எதிராளி மேல் படாமலேயே புள்ளி காட்டும் விளக்கை எரியவைத்துப் பிடிபட்ட சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷெங்கோவின் கதை. இத்தனை ஆண்டு கழித்தும் இணையத்தில் ஓயாமல் சுற்றுகிறது. எனக்கு மனசு ஆறவில்லை. "தம்பி, நம்ம சென்னை பவானி தேவியைத் தெரியுமா?" என்றேன். உதட்டைப் பிதுக்கினான். தொடக்கத்தில் வாள் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் கழியில் பழகிய பெண்; ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் இந்திய வாள்வீச்சாளர். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோவில் துனிசியாவின் நாடியா பென் அஜீஜியை 15-3 என்று வென்று, அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். பிறகு ட்விட்டரில் அவர் மன்னிப்புக் கேட்டதுதான் நாடெங்கும் பரவியது. எதற்கு மன்னிப்பு? 2023 ஜூனில் சீனாவின் வூஷியில், உலகச் சாம்பியனாக இருந்த ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று சாய்த்து ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினாரே, அதை நம்மில் எத்தனை பேர் பகிர்ந்தோம்? பையனின் கைப்பேசியிலேயே பவானியின் ஆட்டம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். டீ ஆறி ஆடை கட்டும்வரை பார்த்தான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டான்.