படகில் முதல் இடம்

சென்ற ஆண்டு ஒரு மகளிர் விடுதியின் குறைதீர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். விடுதிக் கதவை மாலை ஆறரை மணிக்குப் பூட்டுவதை எட்டரையாக மாற்றுங்கள் என்பது மாணவிகளின் கோரிக்கை. நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கிறது. ஆண்கள் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். பெண்கள் ஆறு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மனுவைப் படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கப்பல் மூழ்கும்போதுகூட முதல்ல பொம்பளைங்களைத்தானம்மா படகுல ஏத்துனாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்.” கூட்டம் சிரித்தது. கோரிக்கை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அன்று காலையில்தான் முதுகலை வகுப்பில், பெண்ணை உடனழைத்துக் கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று சொல்லும் தொல்காப்பிய நூற்பாவை நடத்தியிருந்தேன். கப்பலில் ஏறக் கூடாது என்பது ஒரு விதி. ஏறிவிட்டால் படகில் முதல் இடம் என்பது இன்னொரு விதி. இரண்டிலும் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அந்தப் பெரியவருக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தேன். இது அந்தப் பதில்.

‘முதலில் பெண்களும் குழந்தைகளும்’ என்ற கதைக்கு இரண்டு கால்கள்தான் உண்டு. ஒன்று, 1852இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையருகே மூழ்கிய ‘பிர்க்கன்ஹெட்’ என்ற படைக்கப்பல். சிப்பாய்கள் தளத்தில் அணிவகுத்து நிற்க, கப்பலிலிருந்த சில பெண்களும் குழந்தைகளும் படகில் ஏற்றப்பட்டார்கள். இன்னொன்று, நாமெல்லாம் திரையில் பார்த்து அழுத, 1912இல் மூழ்கிய ‘டைட்டானிக்’. இரண்டும் நடந்தவை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கிடக்கின்றன. நீராவிக் கப்பல்கள் லட்சக்கணக்கான ஏழைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றிச்சென்ற காலம் அது. அந்தக் கப்பல்கள் மூழ்கியபோது பெண்கள் என்ன ஆனார்கள்?

1873 ஏப்ரல் 1, அதிகாலை. லிவர்பூலிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த ‘அட்லாண்டிக்’, நிலக்கரி போதாது என்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை நோக்கித் திரும்பியிருந்தது. கரை நெருங்கும்போது கயிறு விட்டு ஆழம் பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். கப்பல் நோவா ஸ்கோஷியாக் கரையோரப் பாறையில் மோதிச் சாய்ந்தது. குறைந்தது 535 பேர் இறந்தார்கள். கப்பலிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் அதில் அடக்கம். ஒருத்திகூடப் பிழைக்கவில்லை. குழந்தைகளில் பிழைத்தது ஒரே ஒரு சிறுவன். கேப்டன் பிழைத்தார், விசாரணை அவருடைய சான்றிதழை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. கப்பல் ஒயிட் ஸ்டார் நிறுவனத்துடையது. பின்னாளில் டைட்டானிக்கை விட்டதும் அதே நிறுவனம்தான். டைட்டானிக்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அட்லாண்டிக்கின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

“பெண்ணுடல் பலவீனமானது, கடல் ஆண் பெண் பார்க்காது” என்று ஒருவர் இங்கே எழுந்து சொல்வார். அன்றிரவு பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பாருங்கள். பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொற்றிக்கொண்டார்கள். கப்பலுக்கும் பாறைக்கும் இடையே கட்டிய கயிற்றைப் பிடித்து அலைக்குள் நகர்ந்தார்கள். கயிறேறக் கற்றிருந்தவர்கள் யார்? நீந்தக் கற்றிருந்தவர்கள் யார்? கணுக்காலில் சுற்றிக்கொள்ளும் நீண்ட உடுப்பு யாருக்கு? இடுப்பில் குழந்தை யாருக்கு? பிறந்ததிலிருந்து மரம் ஏறாதே, ஆற்றில் இறங்காதே என்று வளர்த்துவிட்டு, மூழ்கியதும் பலவீனம் என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

கற்றுக்கொண்ட பெண் என்ன செய்தாள் என்பதற்கும் அதே காலத்தில் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், லைம் ராக் கலங்கரை விளக்கத்தில் வளர்ந்தவர் ஐடா லூயிஸ். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபின் விளக்கேற்றுவதும் துடுப்புப் போடுவதும் இவர் வேலையாயின. பதினெட்டுப் பேரையாவது கடலிலிருந்து இழுத்துப் போட்டார் என்பது பதிவு. அதில் சிப்பாய்களும் உண்டு. இத்தனை ஆண்டு வேலையைச் செய்தவருக்கு அந்தப் பதவியை அதிகாரபூர்வமாகக் கொடுக்க 1879 ஆகவேண்டியிருந்தது. கடல் அவரைப் பெண் என்று பார்த்து மூழ்கடிக்கவில்லை. அலுவலகம்தான் பெண் என்று பார்த்துக் காக்கவைத்தது.

1898 ஜூலை 4. பிரெஞ்சுக் கப்பல் ‘லா பூர்கோன்’ கடும் மூடுபனியில் ஒரு பாய்மரக் கப்பலோடு மோதி, சேபிள் தீவுக்கு அப்பால் மூழ்கியது. சுமார் 550 பேர் இறந்தார்கள். கப்பலில் பெண்கள் ஏறத்தாழ 300 பேர். பிழைத்தவர் ஒரே ஒருவர். குழந்தை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மாலுமிகளிலும் பணியாளர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தார்கள். படகைப் பிடிக்க வந்த பயணிகளைத் துடுப்பால் அடித்துத் தள்ளினார்கள், கத்தியைக் காட்டினார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். கேப்டன் கப்பலோடு மூழ்கினார். அவர் கடமை தவறாதவராகவே இருக்கட்டும். அவருடைய வீரம் படகில் ஒரு பெண்ணுக்கு இடமாக மாறவில்லை.

எனக்குப் பிடித்த இரண்டு விபத்துகளைப் பொறுக்கி எடுத்து வாதாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் மிக்கேல் எலிண்டரும் ஆஸ்கர் எரிக்சனும் 18 கப்பல் விபத்துகளில் 15,000க்கும் மேற்பட்டவர்களின் கதியை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே பிழைத்திருக்கிறார்கள். கேப்டன்களும் பணியாளர்களும் பயணிகளைவிட அதிகமாகப் பிழைத்திருக்கிறார்கள். கண்ணியவான்களின் நாடு என்று பெயர் வாங்கிய பிரிட்டனின் கப்பல்களில் பெண்களின் நிலை இன்னும் மோசம். கேப்டன் உறுதியாக உத்தரவிட்ட இடத்தில் மட்டும் கணக்கு மாறுகிறது. அப்படியானால் பெண்களை ஏற்றியது ஆண்களின் இயல்பான பெருந்தன்மை அல்ல. மேலிருந்து வந்த கட்டளை.

பொய் என்றால் இந்தக் கதை எதற்கு இத்தனை காலம் உயிரோடிருக்கிறது? அதற்கு வேலை இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய நேரத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெண்கள் வாக்குரிமைக்காகத் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். உங்களுக்குப் படகு வேண்டுமா, வாக்கு வேண்டுமா என்று எதிராளிகள் கேட்டார்கள். சமத்துவம் கேட்டால் பாதுகாப்பு போய்விடும் என்ற மிரட்டல் அது. அட்லாண்டிக்கின் பெண்களிடம் வாக்கும் இல்லை, படகும் இல்லை. டைட்டானிக்கிலேயே மூன்றாம் வகுப்புப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் செத்தார்கள். ‘பெண்கள்’ என்ற சொல் கப்பலின் எல்லாத் தளங்களுக்கும் எட்டவில்லை.

நம் வங்கக் கடலுக்கு அது எட்டவே இல்லை. 1887 மே மாதம் கல்கத்தாவிலிருந்து ஒரிசாவின் சாந்த்பாலிக்கு ‘சர் ஜான் லாரன்ஸ்’ என்ற நீராவிக் கப்பல் கிளம்பியது. பூரி ஜெகந்நாதரைப் பார்க்கப் போனவர்கள் அதில் நிறைந்திருந்தார்கள். பூரிக்கு ரயில் வர இன்னும் பத்தாண்டு இருந்தது. மே 25 புயலில் கப்பல் போனது. எழுநூற்றுக்கும் மேல் என்பார்கள், எண்ணூறு என்பார்கள். பெரும்பாலானவர்கள் பெண்கள். தாகூர் ‘சிந்து தரங்கம்’ என்று ஒரு கவிதை எழுதினார். கல்கத்தாவில் ஹூக்ளிக் கரைப் படித்துறை ஒன்றில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆங்கிலேயப் பெண்கள் சிலர், பெரும்பாலும் பெண்களான அந்த யாத்ரீகர்களுக்காக வைத்தது என்கிறது அதன் வாசகம்.

அந்த வாசகத்தை நான் பலமுறை படித்தேன். இறந்த பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. கல் வைத்த பெண்களின் பெயரும் இல்லை. அந்தக் கல்லில் இருக்கும் ஒரே மனிதப் பெயர் கப்பலின் பெயர்; அது ஓர் ஆணின் பெயர். ஜான் லாரன்ஸ் வைஸ்ராயாக இருந்த காலத்தில்தான், 1866இல், ஒரிசாவைப் பஞ்சம் தின்றது. பத்து லட்சம் பேர் செத்தார்கள் என்பது கணக்கு. அவர் பெயரைச் சுமந்த கப்பல் அதே ஒரிசாவுக்குப் பெண்களை ஏற்றிப்போய்க் கடலில் விட்டது. கோயிலுக்கு என்று சொன்னால் மட்டுமே வாசல் தாண்ட முடிந்த காலத்துப் பெண்கள். ஒருவேளை வாழ்நாளில் அவர்கள் தாங்களே முடிவுசெய்த ஒரே பயணம் அதுவாக இருந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, அதனால்தான் வெளியே போகாதீர்கள் என்கிறோம்” என்று அந்தப் பெரியவர் சொல்லக்கூடும். அவர்கள் வெளியே போனதால் சாகவில்லை. புயல் மாதத்தில் எழுநூறு பேரை ஒரு கப்பலில் ஏற்றியவர்களால் செத்தார்கள். கயிறேறக் கற்றுக்கொடுக்காத வீடுகளால் செத்தார்கள். ஆழம் பார்க்காத கேப்டன்களால் செத்தார்கள். பூட்டு இவற்றில் எதையும் சரிசெய்யாது. விடுதிக்குத் தீ பிடித்தால் ஆறரை மணிப் பூட்டு யாரைக் காப்பாற்றும் என்று எந்தக் கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா?

எங்களுக்குப் படகில் முதல் இடம் வேண்டாம், ஐயா. எல்லோருக்கும் போதுமான படகு வேண்டும். துடுப்புப் போடக் கற்றுத்தர வேண்டும். கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவுசெய்யும் அறையில் எங்களுக்கும் நாற்காலி வேண்டும். பயணிகள் பட்டியலில் எங்கள் பெயரை எங்கள் பெயராகவே எழுத வேண்டும்.

மாணவிகள் இந்த மாதம் மறுபடியும் மனு எழுதியிருக்கிறார்கள். இந்த முறை கதவு நேரத்தோடு, விடுதிக்கு இரண்டாவது வெளிவாசலும் கேட்டிருக்கிறார்கள். நூற்றுப் பதினாறு கையெழுத்து, எல்லாம் முழுப்பெயரில். கடைசியில் நானும் போட்டிருக்கிறேன்.