ஏழிலே ஒரு நாள்!

ஜவ்வாது மலையிலே, ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவிலே, சாமை மூட்டை சுமக்கும் இளைஞனுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? ஓய்வு நாள் கேட்டால், "சின்னக் கடையப்பா, ஓட்டாண்டியாகி விடுவேன்" என்கிறார் முதலாளி. அண்ணல் அம்பேத்கர் தொழில்துறை உறுப்பினராக வீற்றிருந்தபோது, 1946இல், ஆலைத் தொழிலாளியின் வாரம் 54 மணியிலிருந்து 48 ஆயிற்று, ஆலைகள் அழிந்தனவா?

2022இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் ஊதியத்தைக் குறைக்காமல் நாலு நாள் வாரத்தைச் சோதித்தன. பெரும்பாலானவை 25 பேருக்கு மேற்படாத சிறு நிறுவனங்களே! கணக்குப் பிள்ளைகள் குறித்துக் கொள்ளட்டும்: சோதனை முடிந்த பின்னும் 56 நிறுவனங்கள் அம்முறையைக் கைவிடவில்லை.

நாம் கேட்பது மூன்று நாள் ஓய்வா? இல்லை, ஒரே நாள்! தராசு பிடிக்கும் பெரியவரே, அந்த ஒரு நாளை எந்தத் தட்டின் அடியில் ஒளித்தீர்?